மூன்று முறை தட்டினால்

அன்புள்ள பிரபு,

புனே போய்ச் சேர்ந்து, பால் காய்ச்சி, இப்போது நீயும் நித்யாவும் கேஸ் கனெக்‌ஷனுக்கு அலைந்துகொண்டிருப்பதாகக் கேள்வி. அலையுங்கள், நல்லதுதான். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து திட்டுவதற்கு ஒரு பொது எதிரி வேண்டும். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் நம் குடும்பக் குரூப்பில் போடுகிறேன். உன் மாமா, சித்தப்பா, அத்தைகள் எல்லோரும் உட்கார்ந்து படிக்கட்டும். "ஐயோ அம்மா, மானத்தை வாங்காதே" என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. கடித்துக்கொள். எல்லோரும் ஏன் படிக்க வேண்டும் என்பது போகப் போகப் புரியும்.

போன மாதம் நீ போனில் அழுதாய். "அந்த ஏரோப்ளேன வித்துடும்மா. யாரும் வாங்கலன்னா காயலாங்கடைல போட்டுடு. நீ அதுல ஏறாத, அத ஓட்டப்போற கமாண்டர் சாரையும் ஏற வுடாத" என்றாய். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மறுநாள் காலையில் உன்னிடமிருந்து "ஆல் தி பெஸ்ட் மா" என்று ஒரு செய்தி, பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம். டேய், முதல் நாள் சொன்னது உண்மை, மறுநாள் அனுப்பியது பொய். உன் உண்மைக்குத்தான் இந்தப் பதில். அந்தக் கட்டைவிரலை நீயே வைத்துக்கொள்.

குரூப்பில் இருக்கிற சிலருக்கு முழு விஷயம் தெரியாது என்பதால் கொஞ்சம் முன்னால் போகிறேன். குமணன்சாவடியில் நம் வீட்டுக்குப் பின்னால், முன்பு லாரி நிறுத்த வாடகைக்கு விட்டிருந்த அந்த ஷெட்டில், நான் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருக்கிறேன். பொம்மை இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து போகிற நிஜ விமானம். வெளிநாட்டிலிருந்து தகடும் சட்டமும் தனித்தனியாகப் பெட்டியில் வரும், படத்தைப் பார்த்து நாமே சேர்க்க வேண்டும். அந்தப் பெட்டிப் பலகையில் உன் அப்பா பூஜை அலமாரி செய்தார், அது மட்டும் கோணலாக வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற கம்பெனியில் தகடும், தகட்டைச் சட்டத்தோடு இறுக்குகிற ரிவெட் ஆணியுமாக என் ஆயுசில் பாதியைக் கழித்தவள் நான். ரிட்டயர் ஆனதும் மற்றவர்கள் காசிக்குப் போனார்கள். எனக்கு இது. பஸ்ஸில் ஒரு ரிவெட் விட்டுப்போனால் தகடு கடகடவென்று ஆடும், பயணிகள் டிரைவரைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரு ரிவெட்கூட விட்டுப்போகக் கூடாத ஒரு பொருளை என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசைக்குக் காரணம் கேட்பவர்களிடம் நான் இதற்கு மேல் பேசுவதில்லை.

உன் அப்பாதான் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், தரையை விட்டு ஓர் அடி மேலே போவதுகூட அவருக்கு ஆகாது. "இன்னாமே இது, ஊட்டுக்குள்ள ஏரோப்ளேன் கட்டிகினு கீறேன்னு டிப்போல சொன்னா எவன் நம்புவான்? என்னையும் சேத்து கீழ்ப்பாக்கத்துல வுட்டுருவானுங்க" என்றார். எதிர் அபார்ட்மென்ட்காரர்கள் அதற்கு அப்புறம் வந்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங் பேசும்போது நம் ரிவெட் கன் சத்தம் அமெரிக்கா வரைக்கும் கேட்டதாம். சனி ஞாயிறு மட்டும் அடிப்பதென்று பேசி முடித்தோம். இப்போது அதே ஆட்கள் குழந்தையோடு வந்து இறக்கைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சனி ஞாயிறு என்றால் நீ. நீ இல்லாமல் அந்த இறக்கை இல்லை. ரிவெட் அடிப்பது ஒற்றை ஆள் வேலை கிடையாது என்று குரூப்பில் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன். தகட்டுக்கு வெளியே ஒருத்தர் கன்னை வைத்து அடிப்பார். உள்ளே ஒருத்தர் டாலி என்கிற இரும்புக் கட்டியை ரிவெட்டின் வாலுக்கு முட்டுக்கொடுத்துப் பிடிப்பார். அடிக்கிற அடியில் அந்த வால் நசுங்கிச் சட்டைப் பொத்தான் போல வட்டமாக உட்கார வேண்டும். சாய்ந்து நசுங்கினால் அது ரிவெட் இல்லை, வெறும் அலங்காரம். வெளியே இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது, வழவழவென்று அழகாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்காது என்பதால், கம்பெனியில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே இருப்பவர் தகட்டில் ஒரு முறை தட்டினால் நன்றாக இருக்கிறது, அடுத்ததற்குப் போ. இரண்டு முறை தட்டினால் இன்னும் கொஞ்சம் அடி. மூன்று முறை தட்டினால் கெட்டுவிட்டது, கன்னைக் கீழே வை, ட்ரில்லை எடுத்துக் கழற்று. மூன்றுக்குப் பிறகு முதலாளியே வந்து நின்றாலும் வேலை நகராது. அந்த வழக்கத்தைத்தான் உனக்கும் சொல்லிக்கொடுத்தேன். தோள் வரைக்கும் கையை இறக்கைக்குள் விட்டுக்கொண்டு, கன்னத்தைத் தகட்டில் ஒட்டிக்கொண்டு நீ தட்டுவாய். உன் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் உனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த வருடங்களில் நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்ட மாதிரி வேறு எப்போதும் பேசியதில்லை என்று நினைக்கிறேன்.

உன் கல்யாண வேலைகள் நடந்த மாதத்தில்தான் வலது இறக்கையை மூடினோம். எனக்கு அப்போது இருந்த குஷியை என்னவென்று சொல்ல! பையனுக்குக் கல்யாணம், இறக்கைக்கு மூடி, இரண்டும் ஒன்றாக. டக் என்று நீ ஒரு தட்டு, நான் அடுத்ததற்குப் போவேன். டக், அடுத்தது. ஒரு பாட்டு பாடிக்கொண்டே அடித்ததாக ஞாபகம். கமாண்டர் சார் ஒரு நாள் வந்து பார்த்தார். விமானப்படையில் விங் கமாண்டராக இருந்து ரிட்டயர் ஆகி ஆவடிப் பக்கம் இருக்கிறவர், முதன்முதலில் இதை மேலே எடுத்துப் போய்ப் பார்க்கப் போகிற ஆள் அவர்தான். இறக்கையை ஒரு முறை தடவிப் பார்த்தார். "உள்ள யாரும்மா டாலி புடிச்சது?" என்றார். "என் பையன் சார்" என்றேன். "அப்ப சரி" என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

நீங்கள் புனேவுக்கு ரயில் ஏறின மறு வாரம், பறக்க அனுமதி தருகிற இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருவதற்கு முன்னால் நாமே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இறக்கைக்கு அடியில் படுத்தேன். அங்கே உள்ளங்கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு, உனக்குத் தெரியும். பூந்தமல்லி பல் டாக்டரிடம் கெஞ்சி வாங்கிய அந்தக் குச்சிக் கண்ணாடியையும் டார்ச்சையும் உள்ளே விட்டேன். முதல் வரிசை அழகு. அடுத்ததும் அழகு. அதற்கடுத்த சட்டத்தில் ஒரு ரிவெட் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையாகச் சாய்ந்தவை, சில தகட்டோடு ஒட்டாமல் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றன. அத்தனைக்கும் நீ ஒரு தட்டுதான் தட்டியிருந்தாய். ரிவெட் கெட்டுப்போவதை நான் ஆயிரம் பார்த்திருக்கிறேன், கை வலித்தால் டாலி நழுவத்தான் செய்யும். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போன மனுஷன்தான் கண் முன்னால் வந்தார்.

உடனே உனக்குப் போன் போட்டேன். நீ மறைக்கவில்லை, அதற்காக உன்னை மெச்சுகிறேன். "நீ பாடிகினு இருந்தம்மா. உன்னை அவ்ளோ சந்தோஷமா நான் பார்த்ததே இல்ல. மூணு தட்ட மனசு வரல. ரெண்டு மூணு அப்படிப் போச்சு, அப்பால எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாய். அப்புறம்தான் அழுதாய், விற்றுவிடு என்றாய். எந்தெந்த ரிவெட்டில் அப்படித் தட்டினாய் என்று உனக்கே ஞாபகம் இல்லையாம், அதனால் மொத்த விமானத்தையும் தூக்கிப் போட வேண்டுமாம். கோபம் வந்தது பார் எனக்கு! அடப்பாவி, என் சந்தோஷத்தைக் காப்பாற்றப் பார்த்து, ஒரு மனுஷனைக் கொன்றிருப்பாயே என்று கத்தினேன். கத்தினது கத்தினதுதான், வாபஸ் வாங்க மாட்டேன்.

ஆனால் கத்தி முடித்துவிட்டு ஷெட்டில் தனியாக உட்கார்ந்து யோசித்தபோது, இது உன் ஒருத்தன் வேலை இல்லை என்று தெரிந்தது. நம் குடும்பமே ஒரு தட்டுக் குடும்பம். யாருக்காவது முகம் வாடிவிடும் என்றால் நம் வீட்டில் எல்லாமே சூப்பர்தான். உன் ரிசப்ஷனுக்கு நான் எடுத்த மெரூன் கலர் கோட்டு ஞாபகம் இருக்கிறதா? தோளில் தங்கச் சரிகை வேறு. உன் மாமா சூப்பர் என்றார், சித்தப்பா ராஜா மாதிரி என்றார், உன் அத்தைகள் திருஷ்டி கழித்தார்கள். நீயும் மாட்டிக்கொண்டு பல்லைக் காட்டினாய். நித்யா ஒருத்திதான், மேடை ஏறுவதற்கு முன்னால் என் காதில் "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க, பேண்டு மாஸ்டர் மாதிரி இருக்காரு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆல்பம் வந்ததும் பார்த்தேன், பேண்டு மாஸ்டரேதான். அவ்வளவு பேர் இருந்த மண்டபத்தில் எனக்கு மூன்று தட்டு தட்டியது நேற்று வந்த பெண் ஒருத்திதான்.

கோட்டு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். உன் அப்பா நெஞ்சு வலியையும் அப்படித்தான் சொன்னார். பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே வலித்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, "ஒண்ணுமில்லமே, கேஸு" என்று இஞ்சி கேட்டார். நாம் இரண்டு பேரும் கேட்டோம், நம்பினோம், நம்புவது சௌகரியமாக இருந்தது. கடைசியில் டிப்போ வாசலிலேயே சாய்ந்து, கூட இருந்தவர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தார். ஐ.சி.யூ. வாசலில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா முன்னாடியே சொல்லல இவரு" என்று கேட்டாயே. இப்போது பதில் சொல்கிறேன். நமக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் சொல்லவில்லை. நீ எனக்குச் செய்ததும் அதேதான்.

இதையெல்லாம் யோசித்துவிட்டு, விற்பதில்லை என்று முடிவு செய்தேன். கழற்றிவிட்டுத் திரும்பப் போடுவது எனக்குத் தெரிந்த தொழில். கெட்ட ரிவெட்டை ட்ரில் போட்டு எடுத்தால் தகடு ஒன்றும் செத்துப்போகாது. ஓட்டை கொஞ்சம் பெரிதாகும், ஒரு சைஸ் பெரிய ரிவெட் போட்டால் முன்னைவிட இறுக்கமாகப் பிடிக்கும். வலது இறக்கையின் அடித்தகட்டைத் திறந்தேன். இடது இறக்கையையும் உடம்பையும் வால் பக்கத்தையும் கண்ணாடி விட்டு ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்தேன். அவையெல்லாம் சரியாக இருந்தன. நீ அந்த ஒரு மாதம்தான் பொய் தட்டியிருக்கிறாய், அதற்கு முன் எல்லாம் உண்மை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், மொத்தத்தையும் கெடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தூக்கம் கெடாதே.

டாலி பிடிக்க ஆள் வேண்டுமே. வேறு யார், உன் அப்பாதான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, முருகா முருகா என்று இறக்கைக்கு அடியில் படுத்தார். நான் அடித்தேன். டக் டக் டக். மூன்று. சரி, புது ஆள், கழற்றிவிட்டு அடுத்ததை அடித்தேன். டக் டக் டக். மறுபடியும் மூன்று. நாலைந்து அப்படியே போன பிறகு, கண்ணாடியை விட்டுப் பார்த்தால் ரிவெட் பொத்தான் மாதிரி அம்சமாக உட்கார்ந்திருக்கிறது! "யோவ், இது நல்லாதானய்யா கீது?" என்றேன். "எனக்கு நல்லா இல்லமே" என்றார் உள்ளேயிருந்து. "எங்க நல்லா இல்ல, காட்டு பாப்போம்." உள்ளேயிருந்து ஒரு முருகா வந்தது. அப்புறம், "அதுல நீ ஏறிகினு மேல போவியே, அது நல்லா இல்ல" என்றார்.

கன்னைக் கீழே வைத்துவிட்டு நானும் அவர் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பயத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ரிவெட்டு எப்படி கீதோ அதுக்கு மட்டும் தட்டு. எனக்குச் சொல்லணும்னா வாயால சொல்லு" என்றேன். சொன்னார். நான் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று தெரியாது என்றார், ஆஸ்பத்திரியில் கண் முழித்தபோது என் முகம்தான் முதலில் தெரிந்தது என்றார். பஸ் ஓட்டின மனுஷன், மேல்சட்டை இல்லாமல், கை இறக்கைக்குள் மாட்டியிருக்க, என்னென்னவோ சொன்னார். எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன், அவருடைய அக்கா தங்கைகள் படிப்பார்கள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். "கமாண்டர் சாரு மொதல்ல பல தபா சுத்திட்டு வரட்டும். அவரு சரின்னாருன்னா அப்பால நீ ஏறு. நான் கீழ நின்னுகினு இருப்பேன்" என்றார். எனக்கு அது முழுச் சம்மதம். அதற்குப் பிறகு அவர் தட்டிய ஒவ்வொரு ஒற்றைத் தட்டையும் நான் நம்பினேன். மூன்று தட்டத் தெரிந்த ஆள் தட்டுகிற ஒன்றுக்குத்தான் மதிப்பு. மற்றவர்கள் தட்டுவதெல்லாம் வெறும் சத்தம்.

இதைத்தான் நீ புனேவுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் பிரபு. நித்யா நல்ல பெண், வாய் திறந்து சொல்லத் தெரிந்தவள். அவள் சமைத்தது வாயில் வைக்க முடியவில்லையா, சொல். அவள் பார்த்த வீடு பிடிக்கவில்லையா, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சொல். உனக்கு வேலையில் பயமாக இருக்கிறதா, நெஞ்சு வலிக்கிறதா, அப்போதே சொல். அவள் முகம் வாடும், வாடட்டுமே. வாடின முகம் சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். அவளைப் பூவாட்டம் வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று நீ ஒரு தட்டிலேயே குடித்தனம் நடத்தினால், வெளியே வழவழவென்று இருக்கும், உள்ளே எல்லாம் சாய்ந்து கிடக்கும். குரூப்பில் இருக்கிற பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உன் மாமா இந்த விமானத்தைப் பற்றி என்னிடம் சூப்பர் என்கிறார், உன் அப்பாவிடம் பைத்தியக்காரத்தனம் என்கிறாராம். அண்ணே, என்னிடமே சொல்லுங்கள், நான் தாங்குவேன்.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். கடைசி ஒரு வரிசையைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல உனக்குப் போன் போட்டேன். "எல்லாத்தையும் கழட்டித் திருப்பிப் போட்டாச்சு நைனா. கண்ணாடி வெச்சுப் பாத்தாச்சு. கமாண்டர் சார் தேதி கேக்கறாரு. இப்ப சொல்லு, பறக்கலாமா?" என்றேன். பின்னால் நித்யா ஏதோ மெதுவாகச் சொன்னது கேட்டது. சூப்பர்மா என்று சொல்லப் போகிறாய் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அப்புறம் மேஜையோ சுவரோ தெரியவில்லை, எதன் மேலோ நீ தட்டினாய். டக். டக். டக்.

டேய், எனக்கு அழுகை வந்துவிட்டது. கன்னுக்குக் காற்று அடிக்கிற கம்ப்ரஸர் மேலேயே உட்கார்ந்து அழுதேன், உன் அப்பா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். துக்கத்தில் இல்லை. அம்மா சந்தோஷமாக இருக்கும்போதே, அது கெட்டுப்போகும் என்று தெரிந்தே, நீ எனக்குத் தட்டிய முதல் மூன்று அது. இந்த விமானம் பறக்கும் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. என் வேலை எனக்குத் தெரியும். உன் அப்பா கையும் எனக்குத் தெரியும். இருந்தாலும் நம் ஷெட்டில் மூன்று என்றால் மூன்றுதான். கன்னைக் கீழே வைத்துவிட்டேன். கமாண்டர் சாருக்குப் போன் செய்து, தேதி இப்போது இல்லை, என் பையன் மூன்று தட்டிவிட்டான் என்றேன். அந்த மனுஷன் கேள்வியே கேட்கவில்லை. "அவர் வரட்டும்மா, நான் எங்க போயிடப் போறேன்" என்றார்.

அதனால் பொங்கல் லீவுக்கு இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். கடைசி வரிசையை மூடாமல், உன் கை தோள் வரைக்கும் போகிற அளவுக்கு வழி விட்டு வைத்திருக்கிறேன். பல் டாக்டர் கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன். நீ உள்ளே கையை விட்டு, நாங்கள் போட்ட ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார். அவசரமே இல்லை, வேண்டுமானால் லீவு முழுக்கப் பார். நான் வெளியே நிற்பேன், பாட மாட்டேன். பார்த்து முடித்துவிட்டுத் தட்டு. ஒன்று தட்டினால் வரிசையை மூடுகிறேன், இன்ஸ்பெக்‌ஷன் ஆள் வந்து பார்த்ததும் கமாண்டர் சார் பறப்பார், அப்புறம் நான். மூன்று தட்டினால் ட்ரில்லை எடுக்கிறேன். எதுவானாலும் எனக்குக் கேட்கிற மாதிரி தட்டு.

உன் அம்மா